அந்த இயந்திரம் தானாக இயங்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் உங்கள் நாளிதழின் சென்னைப் பக்கத்தில் ஐந்தே வரியில் ஒரு செய்தி வந்தது. கொடுங்கையூரில் மசாலா பாக்கெட் போடும் பட்டறை ஒன்றில் 19 வயது இளைஞரின் விரல்கள் இயந்திரத்தில் சிக்கி நசுங்கின, மின்கோளாறால் இயந்திரம் தானாக இயங்கியதே காரணம் என்று போட்டிருந்தீர்கள். அங்கே மின்கோளாறு எதுவும் இல்லை. இயந்திரம் தானாகவும் இயங்கவில்லை. அதன் வால்வு இரண்டு நாள் கழித்து என் கடைக்குத்தான் வந்தது. கழற்றிப் பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம். வெட்டிச் சுருக்கினால் கடைசியில் மறுபடியும் "மின்கோளாறு" என்ற ஒரே சொல்தான் மிஞ்சும். முடிந்தவரை முழுதாகப் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு 51 வயது. ஐ.டி.ஐ.யில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் படித்தேன். எங்கள் வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். மணலியில் ஒப்பந்ததாரர் ஒருவரிடம் 14 வருடம் வேலை பார்த்தேன். ஆலையைப் பராமரிப்புக்காக நிறுத்தி வைக்கும் ஷட்டவுன் நாட்களில் ஏணி ஏறி வால்வு கழற்றி, சுத்தம் செய்து, சோதித்து மாட்டுகிற வேலை. 2011 முதல் எருக்கஞ்சேரி நெடுஞ்சாலைக்கு உள்ளே ஒரு சந்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடை வைத்திருக்கிறேன். காற்றழுத்தத்தில் இயங்கும் இயந்திரங்களின் சோலனாய்டு வால்வு (மின்சாரம் வந்ததும் காற்றின் பாதையை மாற்றுவது), சிலிண்டர், ரெகுலேட்டர் (காற்றின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது) எல்லாம் ரிப்பேர் செய்கிறேன். வியாசர்பாடி தொழிற்பேட்டை, மாதவரம், மூலக்கடை, தண்டையார்பேட்டை எல்லாப் பக்கமிருந்தும் சாமான் வரும். வாரத்தில் இரண்டு பேராவது "காயில் போயிடுச்சுக்கா, மாத்திக் குடுங்க" என்றுதான் வந்து நிற்பார்கள். காயில் என்பது வால்வில் இருக்கும் கம்பிச் சுருள், மின்சாரம் வந்தால் காந்தமாகும். பத்தில் ஏழெட்டில் காயிலில் குற்றமே இருக்காது.

வால்வு எப்படி வேலை செய்கிறது என்று சொல்லாமல் அன்றைக்கு நடந்ததைச் சொல்ல முடியாது.

மாநகரப் பேருந்தில் தானியங்கிக் கதவு திறக்கும்போது "புஸ்ஸ்" என்று ஒரு சத்தம் வருமே, அதைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். ஓட்டுநர் ஒரு பொத்தானைத்தான் அழுத்துகிறார். கதவைத் தள்ளுவது மோட்டார் இல்லை, சிலிண்டருக்குள் போகும் காற்று. சிலிண்டருக்குள் ஒரு பிஸ்டன் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் காற்று புகுந்தால், மறுபக்கம் ஏற்கெனவே இருக்கும் காற்று வெளியேற வேண்டும். வெளியேறும் அந்தக் காற்றின் சத்தம்தான் அந்தப் "புஸ்ஸ்". எந்தப் பக்கம் காற்று போக வேண்டும், எந்தப் பக்கம் வெளியேற வேண்டும் என்று முடிவு செய்வது சோலனாய்டு வால்வு. பட்டறைகளில் பெரும்பாலும் இருப்பது ஐந்து துளை, இரண்டு நிலை உள்ள வால்வு. ஒரு துளையில் காற்று உள்ளே வரும், இரண்டு துளைகள் சிலிண்டரின் இரண்டு முனைகளுக்குப் போகும், மீதி இரண்டு வெளியேற்ற. நடுவில் ஸ்பூல் என்று ஒரு உருளை. அதன் மேல் வரிசையாக ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்கள். ஸ்பூல் சில மில்லிமீட்டர் இடமோ வலமோ நகர்ந்தால் காற்றின் பாதை மாறிவிடும்.

அந்த ஸ்பூலை நகர்த்துவது காயிலின் காந்தம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பல மெக்கானிக்குகளும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இல்லை. இந்த ஒரு தவறான நினைப்பில்தான் எல்லாம் தொடங்குகிறது.

எங்கள் வழக்கில் "ஆறு கிலோ காற்று" என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஆறு கிலோ அழுத்தம். 10 மில்லிமீட்டர் துளையை மூடியிருக்கும் அடைப்பின் மேல் ஆறு கிலோ காற்று முட்டினால், அந்த அடைப்பை எடுக்க கிட்டத்தட்ட 4.7 கிலோ விசை வேண்டும். விரல் அளவு காயிலால் அது முடியாது. முடிகிற காயில் வேண்டுமென்றால் அது பெரிதாக இருக்கும், சூடாகும், மின்சாரத்தைக் குடிக்கும். அதே காற்று 1 மில்லிமீட்டர் துளையில் முட்டினால் வேண்டியது 47 கிராம்தான். துளையின் விட்டம் பத்தில் ஒரு பங்கானால் விசை நூறில் ஒரு பங்காகிவிடும். பைலட் வால்வின் மொத்தச் சூட்சுமமும் இதுதான். காயில் திறப்பது குண்டூசித் தலை அளவுத் துளையை மட்டும். வால்வுக்கு வரும் காற்றிலிருந்தே பிரித்தெடுத்த கொஞ்சம் காற்று அந்தத் துளை வழியாக ஸ்பூலின் முனைக்குப் போய், அங்கிருக்கும் சிறு பிஸ்டனைத் தள்ளும். ஸ்பூல் நகரும். பெரிய பாதை திறக்கும். 63 மில்லிமீட்டர் சிலிண்டரில் ஆறு கிலோ காற்று நிறைந்தால் 187 கிலோ விசை. சில வாட் மின்சாரம் 187 கிலோவை ஏவுகிறது என்றால், நடுவில் பாரம் சுமப்பது முழுக்கக் காற்றுதான்.

மதகு திறக்கும் ஆள் ஆற்றைத் தள்ளுவதில்லை. காயிலும் அப்படித்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். காயிலில் மின்சாரம் வந்ததும் உள்ளே இருக்கும் பிளஞ்சர் என்ற சிறு இரும்புத் தண்டு மேலே போய் முட்டும். "டிக்" என்று கேட்கும். அந்தச் சத்தத்துக்கு பைலட் துளை திறந்தது என்பது மட்டும்தான் பொருள். ஸ்பூல் நகர்ந்ததா என்று அந்த "டிக்" சொல்லாது. ஸ்பூலைத் தள்ளப் போதுமான காற்று இருந்தால்தான் அது நகரும். வால்வின் உடம்பிலேயே எத்தனை பார் முதல் எத்தனை பார் வரை என்று அச்சடித்திருப்பார்கள். ஒரு பார் என்பது கிட்டத்தட்ட நம் ஒரு கிலோ. பெரும்பாலும் கீழ் எல்லை 1.5 அல்லது 2 பாராக இருக்கும். அதற்குக் கீழே அழுத்தம் போனால் வால்வு டிக் என்று சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே நிற்கும். அதுவும் புது வால்வுக்குச் சொன்ன கணக்கு. உள்ளே அழுக்கு ஏறி, ரப்பர் உப்பிப்போன வால்வுக்கு இன்னும் அதிகக் காற்று வேண்டும்.

அன்று அந்தப் பட்டறையில் நடந்தது இது. பையனே ஸ்டான்லி மருத்துவமனையில் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு எனக்குச் சொன்னது.

மூன்று இயந்திரங்களுக்கு ஒரே கம்ப்ரசர். அது பட்டறைக்குப் பின்னால் சந்தில் இருக்கிறது. அங்கிருந்து பதினைந்து மீட்டருக்கு மெல்லிய நீலக் குழாய். பிற்பகல் மூன்று மணி இருக்கும். பக்கத்து இயந்திரத்தில் இருந்த பையன் மிளகாய்த்தூளை ஊதிச் சுத்தம் செய்ய ஏர் கன் பிடித்திருந்தான். ஏர் கன் காற்றை எப்படிக் குடிக்கும் என்று பிடித்தவர்களுக்குத் தெரியும். கம்ப்ரசர் டாங்கில் உள்ள கேஜ், அதாவது அழுத்தமானி, ஆறு கிலோ காட்டுகிறது. ஆனால் அந்த மெல்லிய குழாயின் கடைசியில் இருக்கும் சீலிங் இயந்திரத்தில் (சூடான தாடை இறங்கி பாக்கெட்டின் வாயை அமுக்கி ஒட்டும் இயந்திரம்) மூன்று கிலோகூட இருந்திருக்காது. அங்கே கேஜும் இல்லை. அதில் வேலை செய்த நம் பையன் பெடலை அழுத்தினான். டிக் என்று கேட்டது. தாடை இறங்கவில்லை.

"சத்தம் வந்துச்சுக்கா. ஆனா எறங்கல. பாக்கெட் கோணலா இருந்துச்சு, அதான் மாட்டிக்கிச்சுன்னு நெனச்சேன்."

பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டான். எடுத்துவிட்டால் நின்றுவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அந்த இயந்திரத்தின் அமைப்பு வேறு. பெடலை ஒருமுறை தொட்டால் போதும், காயிலில் மின்சாரம் வந்துவிடும். தாடை கீழே வந்து, அது வந்து சேர்ந்ததை உணரும் லிமிட் சுவிட்சைத் தொட்ட பிறகுதான் டைமர் ஓடும். டைமர் முடிந்தால்தான் காயில் அணையும். தாடை இறங்கவே இல்லை என்பதால் லிமிட் சுவிட்ச் தொடப்படவில்லை, காயிலில் மின்சாரம் அப்படியே இருந்தது. பைலட் துளை திறந்தே இருக்கிறது. ஸ்பூல் காற்றுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. அவன் கையை உள்ளே விட்டுப் பாக்கெட்டை நேராக்கப் போனான்.

அதே நேரம் பக்கத்துப் பையன் "இன்னாடா ஆச்சு" என்று கேட்டுக்கொண்டே ஏர் கன்னை விட்டுவிட்டு உதவிக்கு வந்தான். கன் நின்றதும் குழாயில் காற்று ஏறியது. மூன்று, நான்கு, நாலரை. ஸ்பூல் நகர்ந்தது. 187 கிலோ இல்லாவிட்டாலும் 140 கிலோவாவது இருந்திருக்கும், அதுவும் சூடான தாடை. உதவிக்கு வந்ததுதான் காரணமாகிவிட்டதே என்று அந்தப் பையன் இன்றைக்கும் அழுகிறான். அவன் மேலும் தப்பில்லை என்று இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன்.

ஸ்டான்லியில் கை அறுவை சிகிச்சைப் பிரிவு இருப்பது வடசென்னைக்குக் கிடைத்த பெரிய பாக்கியம். ஆள்காட்டி விரலைக் காப்பாற்றிவிட்டார்கள். நடுவிரலின் நுனி போய்விட்டது.

வால்வைக் கொண்டுவந்து கொடுத்த முதலாளி, "காயில் மாத்திக் குடுங்கக்கா, நாளைக்கு ஆர்டர் அனுப்பணும்" என்றார். நான் காயிலைத் தொடவில்லை. முதலில் வால்வைப் பிரிக்காமல் அப்படியே சோதனைக் குழாயில் மாட்டினேன். காயிலுக்கு 230 வோல்ட் கொடுத்தேன். டிக். ரெகுலேட்டரைப் பூஜ்யத்திலிருந்து மெல்லத் திருகி ஏற்றினேன். ஒரு கிலோ, இரண்டு கிலோ. அதே கம்பெனியின் புது வால்வு இரண்டு கிலோவுக்குள் மாறிவிடும், பக்கத்தில் வைத்துச் சோதித்துப் பார்த்தேன். இது மூன்றிலும் மாறவில்லை, நான்கிலும் மாறவில்லை. வால்வை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு திருகினேன். முள் நாலரையைத் தொட்டபோது கையில் "டப்" என்று ஓர் அதிர்வு. அப்போதுதான் ஸ்பூல் நகர்ந்தது. ஐந்து முறை செய்து பார்த்தேன். ஐந்து முறையும் நாலரையை ஒட்டியே. முதலாளி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறைக்குப் பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பிரித்தால் உள்ளே டீத்தூள் நிறத்தில் பசை. துருவும் தண்ணீரும் எண்ணெயும் கலந்தது. அலுமினிய உடம்பில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. ஓ-ரிங்குகளைத் தொட்டாலே உப்பியிருந்தது தெரிந்தது. காற்றோடு எண்ணெய் கலந்து அனுப்பும் லூப்ரிகேட்டரில் என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டேன். வண்டிக்கு ஊற்றும் இன்ஜின் ஆயில் என்றார். அதில் இருக்கும் சேர்மானங்களுக்கு இந்த வால்வு ரப்பர் ஒத்துக்கொள்ளாது, உப்பிவிடும். உப்பிய ரப்பர் சுவரை இறுக்கிப் பிடிக்கும். ஸ்பூலுக்கு இரண்டு கிலோவில் நகர முடியாமல் போனதற்கு அதுதான் காரணம். பிளஞ்சர் குழாயிலும் அதே பசை. அந்த இயந்திரத்துக்கு முந்தின இரண்டு மாதத்தில் மூன்று முறை காயில் எரிந்திருக்கிறது. மூன்று முறையும் புதுக் காயில் வாங்கி மாட்டியிருக்கிறார்கள். மாறுமின்சாரத்தில் (ஏசி) ஓடும் காயிலில் பிளஞ்சர் முழுதாக மேலே போய் உட்கார்ந்தால்தான் கரண்ட் குறையும். அழுக்கில் சிக்கிப் பாதி வழியில் நின்றால் கரண்ட் குறையாமலே ஓடும், காயில் கொதித்து எரிந்துவிடும். ஒவ்வொரு எரிந்த காயிலும் உள்ளே பாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று முதலாளி கேட்டார். நியாயமான கேள்விதான். நம்ம ஊர்க் காற்றிலிருந்து வந்தது. 30 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கிறது. ஆறு கிலோ அழுத்தத்துக்கு வர (வெளிக்காற்றின் ஒரு கிலோவையும் சேர்த்தால் ஏழு) ஏழு கன மீட்டரை ஒரு கன மீட்டராக அமுக்குகிறோம். காற்றை அமுக்கலாம், ஆனால் ஒரு கன மீட்டரில் நிற்கக்கூடிய தண்ணீர் ஆவியின் அளவு அதனால் அதிகமாகாது. சூடு ஆறியதும் அந்த ஒரு கன மீட்டரில் 30 கிராம்தான் ஆவியாக நிற்கும், மீதி தண்ணீராகக் கொட்டும். நிமிடத்துக்கு 500 லிட்டர் காற்று இழுக்கும் 5 எச்.பி. கம்ப்ரசர் நிற்காமல் ஒரு மணி நேரம் ஓடினால் அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் சேரும். அந்தப் பட்டறையின் டாங்க் டிரெயினை, அதாவது தண்ணீரை வெளியே விடும் திறப்பை, நானே போய்த் திறந்தேன். துரு நிறத் தண்ணீர் ஒரு பக்கெட்டைத் தாண்டியும் வந்துகொண்டிருந்தது. டிரெயின் குமிழ் துருப்பிடித்து இறுகிக் கிடந்ததால் ரெஞ்ச் போட வேண்டியிருந்தது. வாங்கிய நாளிலிருந்து யாரும் அதைத் திறந்ததில்லை. சீலிங் இயந்திரத்தின் ஃபில்டர் கிண்ணம் விளிம்பு வரை நிறைந்திருந்தது. கிண்ணம் நிறைந்துவிட்டால் ஃபில்டர் இருந்தும் பயனில்லை, தண்ணீர் காற்றோடு சேர்ந்து நேராக வால்வுக்குப் போகும்.

கடல் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் காற்றில் உப்பும் சேர்ந்து வருகிறது. அங்கிருந்து வரும் வால்வுகளைத் திறக்கும்போது வெள்ளைப் பூப்பு இரண்டு மடங்கு இருக்கும்.

மணலி ஆலைகளில் நான் வேலை பார்த்தபோது பிடித்ததும் இதே வால்வைத்தான். உள்ளே ஸ்பூல், பைலட், காயில் எல்லாம் அதேதான். அங்கே அது, குழாயின் பெரிய வால்வைக் காற்றால் திருப்பும் ஆக்சுவேட்டரின் பக்கவாட்டில் நேராகத் திருகி மாட்டும்படி முகம் தட்டையாக இருக்கும், நாமூர் மவுன்டிங் என்போம். ஆக்சுவேட்டருக்குள் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராக நகர்ந்து, அவற்றின் பல் வரிசை நடுவில் உள்ள பல்சக்கரத்தைச் சுற்றும். குழாயின் பால் வால்வு (உள்ளே துளையிட்ட உருண்டை உள்ள வால்வு) கால் வட்டம் திரும்பித் திறக்கும். ஆபத்து நேரத்தில் மூட வேண்டிய வால்வு என்றால் காயிலில் எப்போதும் மின்சாரம் இருக்கும். கம்பி அறுந்தாலும், கரண்ட் போனாலும் பைலட் மூடிக்கொள்ளும், ஸ்பூல் திரும்பும், ஆக்சுவேட்டரின் காற்று வெளியேறும், ஸ்பிரிங்குகள் வால்வை மூடிவிடும். காற்று வராமல் நின்றாலும் அதே ஸ்பிரிங்தான் மூடும். எது போனாலும் பாதுகாப்பான பக்கம் போய் நிற்க வேண்டும் என்று யோசித்து வைத்திருக்கிறார்கள். அங்கே இந்தக் கருவிகளுக்கு வரும் காற்றைத் தனியாக உலர்த்துவார்கள். மைனஸ் 40 டிகிரி வரை குளிர்ந்தாலும் ஈரம் பிடிக்காத அளவுக்கு உலர்ந்த காற்று.

அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, ஆக்சுவேட்டர் தலையில் உட்கார்ந்திருக்கும் லிமிட் சுவிட்ச் பெட்டி. வால்வு உண்மையிலேயே திறந்ததா, மூடியதா என்று அதுதான் கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லும். உத்தரவு போனது ஒரு விளக்கு, வேலை நடந்தது இன்னொரு விளக்கு. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் யாரும் கையை வைக்க மாட்டார்கள்.

அதன் அருமை எனக்கு ஒரு ஷட்டவுனில் புரிந்தது. எண்ணூர் பக்கம் ஒரு ஆலை. காயிலை அணைத்துச் சோதிக்கிறோம். 5 வினாடியில் மூட வேண்டிய வால்வு நான்கு நிமிடமாகியும் பாதி கூட மூடவில்லை. காயில் சரி, காற்று சுத்தம், ஸ்பிரிங் சரி. எல்லோரும் குழம்பி நின்றோம். எங்கள் ஃபோர்மேன் ஏணியில் ஏறி சோலனாய்டு வால்வின் வெளியேற்றத் துளையை விரலால் தடவினார். அதில் போட்டிருக்க வேண்டிய சைலன்சர் எப்போதோ கழன்று விழுந்திருக்கிறது. துளைக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. என்னைக் கூப்பிட்டு ஒரு கட்டுக்கம்பியைக் கையில் கொடுத்தார். வழவழவென்று பூசிய மண், அதன் உள்ளே குஞ்சுக்காகக் குளவி கொட்டி மயக்கி வைத்த குட்டிச் சிலந்திகள் நான்கு. கடைசி மண் உதிர்ந்ததும் முகத்தில் "புஸ்ஸ்" என்று அடித்தது. வால்வு மூடிக்கொண்டது. காற்று உள்ளே வர வழி இருப்பது போலவே வெளியே போகவும் வழி இருக்க வேண்டும் என்று ஐ.டி.ஐ.யில் படம் போட்டுப் படித்திருந்தேன். அன்று முகத்தில் அடித்தபோதுதான் பதிந்தது. அன்றைக்கு லிமிட் சுவிட்ச் பெட்டி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், காயில் அணைந்தது, வால்வும் மூடிவிட்டது என்று எழுதிவிட்டு இறங்கிப் போயிருப்போம்.

மணலியிலிருந்து கொடுங்கையூர் ஒரு பஸ் தூரம்தான். அங்கே கண்ணைப் போல் பார்த்துக்கொள்ளும் அதே கருவிக்கு இங்கே துருத்தண்ணீரும் இன்ஜின் ஆயிலும். அங்கே அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் தொடாத இடத்தில் இங்கே 19 வயதுப் பையன் கையை விடுகிறான். ஏனென்றால் அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

செலவு அதிகம் என்பார்கள். இந்த முதலாளியும் முதலில் அப்படித்தான் சொன்னார். அவருக்கு நான் செய்து கொடுத்தவற்றைச் சொல்கிறேன். தாடைக்கு முன்னால் கை நுழையாத மாதிரி ஒரு காவல் தகடு, திறந்தால் காயில் அணையும்படி சுவிட்ச். இதுதான் முதலில், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு. இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கேஜ், கூடவே ஒரு பிரஷர் சுவிட்ச். அழுத்தம் ஐந்து கிலோவுக்குக் கீழே போனால் காயிலுக்குப் போகும் மின்சாரத்தை அது வெட்டிவிடும், காற்று மறுபடி ஏறினாலும் ஆள் வந்து பொத்தானை அழுத்தினால்தான் திரும்ப வரும். டைமரையும் மாற்றினோம். பெடல் மிதித்து இரண்டு வினாடிக்குள் தாடை கீழே போய்ச் சேரவில்லை என்றால் காயில் அணைந்துவிடும். அப்புறம், காற்று வரும் குழாயில் பூட்டுப் போடக்கூடிய ஒரு வால்வு. சாதாரண கேட் வால்வு இதற்கு ஆகாது. மூடும்போதே இயந்திரத்துப் பக்கம் இருக்கும் காற்றை வெளியே விட்டுவிடும் வகை வேண்டும். காற்றை அடைத்து வைத்துவிட்டு மின்சாரத்தை மட்டும் அணைத்தால் சிலிண்டருக்குள் 187 கிலோ அப்படியே உட்கார்ந்திருக்கும். காற்றை விட்ட பிறகு தாடை தன் எடையிலேயே மெல்ல இறங்கலாம், அதற்கு ஒரு தேக்குக் கட்டை முட்டு. அதைச் சங்கிலியில் கட்டி இயந்திரத்திலேயே தொங்கவிட்டிருக்கிறேன், தேட வேண்டாம் என்று. மெல்லிய குழாயை எடுத்துவிட்டுப் பெரிய குழாய் போட்டு, ஏர் கன்னுக்குத் தனி வழி கொடுத்தோம். என் கூலியையும் சேர்த்து எல்லாம் மூன்று காயிலின் விலையைவிட அதிகம்தான், மறைக்கவில்லை. ஆனால் அந்த இயந்திரம் ஒரு வாரத்தில் ஓட்டும் பாக்கெட்டுகளின் மதிப்பைவிடக் குறைவு.

காலையில் கம்ப்ரசர் டிரெயினைத் திறந்து விடுவதற்குக் காசே வேண்டாம். அரை நிமிட வேலை.

உங்கள் நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு விபத்துச் செய்தி வரும்போது மின்சாரம் இருந்ததா என்று கேட்பதோடு, இயந்திரத்தின் பக்கத்தில் காற்று எத்தனை கிலோ இருந்தது, டாங்க் எப்போது டிரெயின் செய்யப்பட்டது, காயில் எத்தனை முறை மாற்றினார்கள் என்றும் கேளுங்கள். "தானாக இயங்கியது" என்று நீங்கள் எழுதினால் முதலாளிக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடுகிறது. இயந்திரத்துக்குப் பேய் பிடித்த மாதிரி எல்லோரும் பேசுகிறார்கள். கடைசியில் பழி அந்தப் பையன் தலையில்தான் விடிகிறது. "நீ ஏன் கையை வுட்ட?" என்று வீட்டிலும் கேட்கிறார்கள், தெருவிலும் கேட்கிறார்கள்.

வடசென்னை ஐ.டி.ஐ. ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். நியூமேட்டிக்ஸ் (காற்றழுத்தக் கருவிகள்) செய்முறையில் ஆறு கிலோ காற்று கொடுத்து, சிலிண்டர் போய் வருவதைக் காட்டிவிட்டு அனுப்புகிறீர்கள். ஒருநாள் ரெகுலேட்டரை ஒரு கிலோவில் வைத்துக் காயிலை ஓட்டிக் காட்டுங்கள். டிக் கேட்கும், சிலிண்டர் நகராது. அப்படியே விட்டுவிட்டு, கையை எட்டவே வைத்துக்கொண்டு காற்றை மெல்ல ஏற்றிக் காட்டுங்கள். பத்து நிமிடம் போதும்.

போன வாரம் அந்தப் பையன் அவன் அம்மாவோடு கடைக்கு வந்தான். கையில் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. "அந்த வால்வு இருக்காக்கா?" என்று கேட்டான். முதலாளிக்குப் புது வால்வு போட்டுவிட்டு இதை நான் வாங்கி வைத்திருக்கிறேன், உள்ளே இருக்கும் பசையைக்கூடத் துடைக்கவில்லை. மேஜையில் மாட்டி, சின்னச் சிலிண்டர் ஒன்றை இணைத்து, மூன்று கிலோவில் வைத்துக் காயிலைப் போட்டேன். டிக். சிலிண்டர் அசையவில்லை. அவன் சிலிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். ரெகுலேட்டரைத் திருகினேன். நாலரையில் தண்டு வெளியே பாய்ந்தது. அவனுக்குத் தோள் வரை ஒரு முறை தூக்கிப்போட்டது.

"இதாக்கா. இதான் அன்னிக்கு நடந்துச்சு. நான் தப்பா எதுவும் அழுத்தல" என்றான். அம்மா அவன் நல்ல கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இன்னொரு தடவை போடச் சொன்னான், போட்டேன். மூன்றாவது தடவை ரெகுலேட்டரை அவனே இடது கையால் திருகினான்.

அந்த வால்வு இன்னும் என் மேஜையில் மாட்டியபடியே இருக்கிறது. ஐ.டி.ஐ. பிள்ளைகளோ, பட்டறை முதலாளிகளோ, உங்கள் நிருபரோ யார் வந்தாலும் ஓட்டிக் காட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் கம்ப்ரசர் சத்தம் இல்லாமல் இருக்கும், டிக் தெளிவாகக் கேட்கும்.

இப்படிக்கு,
வால்வு ரிப்பேர் செய்யும் வாசகி,
எருக்கஞ்சேரி, சென்னை – 600118